விரலும் வில்லையும்

ஃபுளோரன்ஸ் நகரில் உஃபிஸி ஓவியக்கூடத்தின் வாசலில் காலையிலிருந்தே வரிசை நிற்கும். போட்டிசெல்லியின் ஓவியங்களைப் பார்க்க வந்த கூட்டம் அது. அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஆர்னோ ஆற்றங்கரைப் பக்கம் வந்தால் நீதிபதிகள் சதுக்கம் என்ற சின்ன முற்றமும், அதை ஒட்டிக் கோட்டை போன்ற ஒரு பழைய மாளிகையும் இருக்கின்றன. பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த மாளிகை. கலிலியோ அருங்காட்சியகம் அதற்குள்தான் இருக்கிறது. கலிலியோ செய்த தொலைநோக்கிகளில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே, இரண்டும் இங்கேதான். ஆனாலும் போய்வந்தவர்கள் பேச்சில் முதலில் வருவது தொலைநோக்கியில்லை, விரல்.

முட்டை வடிவக் கண்ணாடிக் குடுவைக்குள், உருளைப் பீடமொன்றின் மேல், நிமிர்ந்து நிற்கிறது ஒரு விரல் எலும்பு. வலக்கையின் நடுவிரல். பீடத்தில் லத்தீனில் ஒரு புகழுரை. கீழே உள்ள குறிப்பைப் படிக்காமல் பார்க்கிறவர், ஏதோ மாதாகோவிலிலிருந்து கொண்டுவந்த புனிதரின் திருப்பண்டம் என்றே நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. குடுவை, பீடம், வாசகம் எல்லாம் அந்த மரபில் வந்தவைதான். விரலுக்கு உரியவரோ 1633-இல் திருச்சபையின் விசாரணை மன்றத்தின் முன் மண்டியிட்டு, பூமி சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக உரக்க வாசித்துவிட்டு, மிச்ச ஆயுளை வீட்டுக்காவலில் கழித்த கலிலியோ கலிலேய்.

நடுவிரலை நிமிர்த்திக் காட்டினால் மேற்கே என்ன பொருள் என்று தெரிந்தவர்கள், ரோமாபுரிக்கு அவர் அனுப்பிய பதில் இது என்று சிரித்துவிட்டு நகர்கிறார்கள். வேடிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. விரலை எடுத்தவர்கள் மனதில் அந்த எண்ணம் துளியும் இல்லை என்பதுதான் சிக்கல். அவர்கள் பக்தியோடு எடுத்தார்கள். சொன்னது யார் என்று பார்க்காதே, செய்து பார்த்தால் வருகிறதா என்று பார் எனச் சொல்லும் ஒரு துறையின் வீட்டில், சொன்னவரின் எலும்புக்கு என்ன வேலை?

கலிலியோ 1642 ஜனவரி 8 அன்று ஃபுளோரன்ஸுக்கு வெளியே ஆர்ச்செத்ரி கிராமத்து வீட்டில் இறந்தார். கடைசி நான்கைந்து ஆண்டுகள் அவருக்குக் கண் தெரியவில்லை. டஸ்கனியின் கோமகன் இரண்டாம் ஃபெர்தினாந்தோ அவருக்குப் பெரிய கல்லறை எழுப்ப நினைத்தார். போப் எட்டாம் அர்பன் ஒப்பவில்லை. ஆகவே சாந்தா குரோச்சே ஆலயத்தில் மணிக்கூண்டுக்கு அடியில் ஒரு சிற்றறையில் உடலைப் புதைத்தார்கள். அங்கிருந்து ஆலயத்தின் நடுக்கூடத்துக்கு, அதாவது சில பத்து அடி தூரத்துக்கு, அந்த உடல் வந்துசேர 95 ஆண்டுகள் ஆயின.

1737 மார்ச் 12 மாலை. அறிஞர்களும் சமயக் குருமாரும் கூடி நிற்க, பழைய புதைகுழி திறக்கப்பட்டது. எலும்புகளைப் புதிய பளிங்குக் கல்லறைக்கு மாற்றும் சடங்கு. அதற்கிடையில் ஒரு கத்தி கைமாறியது. மூன்று விரல்கள், ஒரு பல், ஒரு முதுகெலும்புக் கண்ணி ஆகியவை எடுக்கப்பட்டன. நடுவிரலை எடுத்துக்கொண்டவர் தொல்பொருள் ஆய்வாளர் அந்தோன் ஃபிரான்செஸ்கோ கோரி. முதுகெலும்பு இப்போது கலிலியோ பாடம் நடத்திய பாதுவா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒரு புனிதரின் உடலை இடம் மாற்றும்போது சுற்றி நிற்பவர்கள் வழக்கமாக எதைச் செய்வார்களோ அதையே இவர்களும் செய்தார்கள்.

அன்று குழியில் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். பெயரில்லை, கல்வெட்டில்லை. கலிலியோவின் மூத்த மகள், துறவு மடத்தில் மரியா செலஸ்தே என்ற பெயரோடு வாழ்ந்து 1634-இல் இறந்துபோனவர், அவராக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். தந்தைக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளில் ஒன்று, மூன்றாண்டு காலம் வாரந்தோறும் ஏழு பாவமன்னிப்புச் சங்கீதங்களை ஓதவேண்டும் என்பது. அதை அவருக்குப் பதிலாகத் தானே ஓதுவதாக ஏற்றுக்கொண்டவர் இந்த மகள். மதத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த போர் என்று ஒரே வரியில் கலிலியோ கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பெண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள்.

கல்லறை எழும்பியதற்குக் காரணம் ஒரு சீடர். வின்சென்சோ விவியானி. பதினேழு வயதில் ஆர்ச்செத்ரிக்குப் போய், பார்வை இழந்த ஆசானுக்குக் கண்ணும் கையுமாக இருந்தவர். தன் வீட்டு முகப்பையே கலிலியோவின் புகழ் சொல்லும் கல்வெட்டாக்கினார். சொத்துக்கு வாரிசாக வருகிறவர் ஆசானுக்குக் கல்லறை கட்டியாக வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்துவிட்டு 1703-இல் இறந்தார். அவர் எழுதிய கலிலியோ வரலாறு, புனிதர் சரிதம் எழுதும் முறையிலேயே போகிறது. பீசா பேராலயத்தில் ஆடிய சரவிளக்கைப் பார்த்து, நாடித் துடிப்பால் காலத்தை அளந்து, ஊசலின் விதியை இளைஞர் கலிலியோ கண்டுபிடித்தார் என்ற கதை விவியானி வழியாகத்தான் நமக்கு வந்தது. கதை நடந்ததாகச் சொல்லும் ஆண்டு 1583. பீசாவில் வழிகாட்டிகள் சுட்டிக்காட்டும் விளக்கு செய்யப்பட்டதோ 1587-இல். அதற்குமுன் வேறு விளக்கு தொங்கியிருக்கலாம், அது வேறு பேச்சு. ஒரு மகானின் இளமையில் ஓர் அற்புதம் நிகழ்ந்தே தீரவேண்டும் என்ற ஆவல் இதில் தெரிகிறது.

இதே விவியானி, ஐரோப்பாவின் மிகக் கறாரான சோதனைச்சாலை ஒன்றின் தூண். 1657-இல் ஃபெர்தினாந்தோவும் அவர் தம்பி லெயோபோல்தோவும் தொடங்கிய ‘அக்காதெமியா தெல் சிமெந்தோ’ என்ற கழகம் அது. சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை அதற்குக் கிடையாது. குழிவாடி வெப்பத்தைக் குவிப்பது போலக் குளிரையும் குவிக்குமா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. 500 பவுண்டு பனிக்கட்டியை ஆடிக்கு எதிரே குவித்து, ஆடியின் குவியத்தில் வெப்பமானியை வைத்தார்கள். திரவம் இறங்கியது. பனிக்கட்டி பக்கத்தில் இருப்பதால் நேரடியாகவே இறங்கியிருக்கக் கூடாதா? ஆடியைத் துணியால் மூடிப் பார்த்தார்கள். திரவம் ஏறியது. அப்போதும் அவர்கள் முடிவு சொல்லத் துணியவில்லை. இன்னும் பல வகையில் பார்க்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 1667-இல் அந்தச் சோதனைகள் நூலாக வந்தபோது எந்தச் சோதனை யாருடையது என்று போடவில்லை. கழகத்தின் பெயர்தான் முன்னால் நின்றது.

அவர்கள் பயன்படுத்திய கண்ணாடிக் கருவிகளில் பல அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொடிபோலச் சுருண்டு சுருண்டு மேலேறும் குழாய் கொண்ட வெப்பமானிகள் உண்டு. தவளை வடிவில் ஒன்று உண்டு. காய்ச்சல்காரரின் மணிக்கட்டில் கட்டுவதற்காகச் செய்தது. தவளையின் வயிற்றுக்குள் வண்ணக் கண்ணாடி மணிகள் மிதக்கும். உடம்பு சுடச்சுட அவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். இவற்றை ஊதியவர்களின் கைத்திறமைக்காகவே அரை மணி நேரம் நிற்கலாம்.

நூல் வெளிவந்த அதே 1667-இல் லெயோபோல்தோ கர்தினால் ஆனார். கழகமும் கலைந்தது. சிவப்புத் தொப்பிக்காகக் கழகத்தை விலை பேசினார் என்றொரு வதந்தி அன்றே உண்டு. உறுப்பினர்களுக்குள் இருந்த பூசல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியொரு பேரம் இல்லாமலே கழகம் கலைந்திருக்கும்.

ஃபெர்தினாந்தோவின் மகன் மூன்றாம் கோசிமோ, டஸ்கனியை ஆண்ட மெடிச்சி பரம்பரையிலேயே மிகுந்த பக்திமான். அளவுக்கு மீறிய பக்தி என்று வரலாற்றாசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் செய்த ஒரு திருப்பணியை நம் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் போய்ப் பார்த்திருக்கிறார்கள், யார் கொடுத்தது என்று தெரியாமலே. கோவாவில் புனித சவேரியாரின் உடலைத் தாங்கும் பளிங்கு மேடை இந்தக் கோசிமோ அனுப்பியது. ஃபுளோரன்ஸில் செதுக்கிக் கப்பலேற்றி 1698-இல் அங்கே நிறுத்தினார்கள். கோட்டாற்றிலும் மணப்பாட்டிலும் தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களிலும் சவேரியார் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அவருடைய வலது முன்கையை 1614-இல் தனியே எடுத்து ரோமுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே ஜேசு ஆலயத்தில் இருக்கிறது.

கோவா மேடையைச் செதுக்கிய சிற்பி ஜியோவானி பத்திஸ்தா ஃபோஜினி. சாந்தா குரோச்சேயில் கலிலியோ கல்லறையின் மேல் தொலைநோக்கியோடு வானத்தைப் பார்க்கும் மார்பளவுச் சிலையும் அதே ஃபோஜினியின் கைவேலை. ஒருவர் திருச்சபையின் புனிதர், இன்னொருவர் திருச்சபை தண்டித்தவர். இருவருக்கும் ஒரே பட்டறை. ஒருவருக்கு முன்கையையும் இன்னொருவருக்கு விரல்களையும் தனியே எடுத்தார்கள். கல்லுக்கும் உளிக்கும் அந்த வேறுபாடு தெரியவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை போலும்.

கோசிமோவிடம் வேறொரு பொருளும் இருந்தது. வெயிலைக் குவித்து எரிக்கும் பெரிய கண்ணாடி வில்லை. பெனதெத்தோ பிரெகான்ஸ் என்பவர் செய்து கொடுத்தது. மாணிக்கமும் வைரமும் கடும் வெப்பத்தில் என்ன ஆகின்றன என்று அரண்மனையில் சோதித்துப் பார்த்த காலம் அது. நூறாண்டு தாண்டி 1814 மார்ச்சில், இங்கிலாந்திலிருந்து ஹம்ஃப்ரி டேவி ஃபுளோரன்ஸ் வந்தார். அவருடைய உதவியாள் 22 வயதுப் பையன், புத்தகம் பைண்டிங் செய்யக் கற்றவன், பெயர் மைக்கேல் ஃபாரடே. ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் வைரத்தை வைத்து, கோமகனின் அதே வில்லையால் வெயிலை அதன்மேல் குவித்தார்கள். வைரம் பற்றிக்கொண்டது. எரிந்து முடிந்தபின் குடுவையில் இருந்தது கரியமில வாயு. வைரமும் கரியும் ஒன்றே என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

ஃபாரடே, சாண்டிமேனியர் என்ற சின்னக் கிறிஸ்தவ சபைக் குடும்பத்தில் பிறந்து, கடைசி வரை அதில் ஊன்றி நின்றவர். அந்தப் பயணத்தில் கலிலியோவின் தொலைநோக்கியையும் பார்த்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைக் கொண்டு வேலை செய்தார். வில்லையை யார் கொடுத்தார், அவர் எத்தனை முறை பூசைக்குப் போனார் என்பதெல்லாம் எரிகிற வைரத்துக்குப் பொருட்டில்லை. கலிலியோவின் குழாயை அவர் நின்று பார்த்ததற்கோ, அது கலிலியோ தொட்டது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதைவிட நல்ல தொலைநோக்கி 1814-இல் லண்டன் கடைகளிலேயே கிடைத்தது.

இந்த இரட்டைப் போக்கு தமிழ்ப் புலமை மரபுக்குப் புதிதில்லை. மணிமேகலையில் சமயவாதிகள் தங்கள் அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, அடுக்கும் இடம் ஒன்று உண்டு. காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று பத்து வரை எண்ணிக்கை போகும். பிறகு அறவண அடிகள் வந்து பௌத்தத்துக்கு அளவை இரண்டே என்று சுருக்கிவிடுகிறார்: கண்ணால் காண்பது, அதைக்கொண்டு கருதுவது. நூலோர் உரைத்தார் என்பது தனி அளவையாக நிற்காது. ஆனால் அதே காப்பியத்தில்தான் மணிபல்லவத்தில் புத்த பீடிகை இருக்கிறது. அதைக் கண்டு வணங்கியதும் மணிமேகலைக்குப் பழம்பிறப்பு தெரிந்துவிடுகிறது. உரையை அளவையாக ஏற்க மறுத்த சமயம், பீடத்தை வணங்க மறுக்கவில்லை. காப்பியத்தை இயற்றிய சாத்தனாருக்கு இதில் முரண்பாடு தெரிந்திருந்தால் இப்படிக் கூச்சமில்லாமல் இரண்டையும் ஒரே நூலில் வைத்திருக்கமாட்டார். எதை நம்பி ஒன்றை உண்மை என்கிறோம் என்பது ஒரு கேள்வி. யார் முன் தலை வணங்குகிறோம் என்பது வேறு கேள்வி. ஒன்றுக்குச் சொல்லும் விடையை இன்னொன்றுக்கும் ஒட்டவைக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

அந்த வம்பை ஒரே பொருளில் பார்க்கவேண்டுமானால், விரலை விட்டுவிட்டு அருகிலுள்ள சின்ன வில்லையிடம் போகவேண்டும். குறுக்களவு 38 மில்லிமீட்டர். நடுவில் விரிசல். 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கலிலியோவுக்குக் காட்டிய முகப்பு வில்லை இது என்பது வழிவழி வந்த செய்தி. பிற்பாடு கைதவறி உடைந்தது. உடைந்த வில்லையால் இனி எதையும் பார்க்கமுடியாது. அப்போதுதான் அதற்கு மரியாதை கூடியது. 1677-இல் வித்தோரியோ குரோஸ்தென் என்ற கைவினைஞர் அதற்குத் தந்தத்தில் சட்டம் செதுக்கினார். கொடியும் இலையும் கருவிகளும் வாசகப் பட்டைகளுமாக, ஒரு திருப்பண்டப் பேழைக்குச் செய்யும் அத்தனை வேலைப்பாடும் அதில் உண்டு. வேலை செய்த நாளில் அது ஒரு குழாயின் முனையில் செருகிய கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான்.

அது வேலை செய்த நாளிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஜனவரி 7 இரவு வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள்; ஒரு வாரத்துக்குள் நான்காவது. மார்ச்சில் புத்தகம் வந்துவிட்டது. ஏப்ரலில் கலிலியோ தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போலோன்யாவுக்குப் போய் அறிஞர்கள் கையில் கொடுத்தார். மார்ட்டின் ஹோர்க்கி என்ற இளைஞர் பார்த்துவிட்டு, பூமியில் உள்ளவற்றை இந்தக் குழாய் நன்றாகக் காட்டுகிறது, வானத்தில் ஏமாற்றுகிறது என்று ஊரெல்லாம் எழுதினார். அவர் பொய் சொன்னதாகக் கொள்ளத் தேவையில்லை. இருபது மடங்கு பெரிதாக்கும் அந்தக் கருவியில் ஒரே பார்வையில் தெரியும் வானம், முழுநிலவில் பாதி அளவு. கை ஆடினால் எல்லாம் ஆடும். பாதுவாவில் கலிலியோவின் நண்பரும் தத்துவப் பேராசிரியருமான கிரெமோனினி குழாய்க்குள் பார்க்கவே மறுத்துவிட்டார். பிராகாவில் இருந்த கெப்ளரோ, கருவி கைக்குக் கிடைக்காத நிலையிலேயே, படித்ததை வைத்துக் கலிலியோ சொல்வது சரியென்று எழுதினார். கண்ணால் பார்த்தது பல மாதம் கழித்து. ரோமில் இயேசு சபைக் கல்லூரியின் கணித அறிஞர்கள் சொந்தமாகத் தொலைநோக்கி ஏற்பாடு செய்து, பலநாள் பார்த்து, 1611-இல் நிலவுகள் இருப்பது உண்மை என்று சான்று கொடுத்தார்கள்.

ஒருவர் பார்த்தும் காணவில்லை. ஒருவர் பார்க்க மறுத்தார். ஒருவர் காணாமல் நம்பினார், அது சரியாகவும் போயிற்று. உட்கார்ந்து முறையாகச் சோதித்தவர்கள் பாதிரியார்கள். பள்ளிப் பாடத்தில் வரும் கலிலியோ கதைக்குள் இந்த நால்வரும் அடங்கமாட்டார்கள். காண்டல் என்ற அளவைக்கே பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், இன்னொருவர் சொல்லை அதுவரை நம்பிக் காத்திருக்கவும் வேண்டும். கெப்ளரின் நம்பிக்கையைக் கண்மூடித்தனம் என்று சொல்லமுடியுமா? சொன்னவர் பொய் சொன்னால் மறுநாளே பிடிபடுவார் என்று தெரிந்து வைத்த நம்பிக்கை அது. விரலின் மேல் வைக்கும் நம்பிக்கைக்கு அந்த மறுநாள் கிடையாது.

அந்த மறுநாள் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் பொருளும் இதே கூரையின் கீழ் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தில் செய்த ஒரு சாய்தளம், கலிலியோ தொட்டதில்லை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நீளமான ஒரு தடம், தடத்தின் மேல் வளைவுகளில் தொங்கும் சின்னச் சின்ன மணிகள், ஒரு ஊசல். மேலிருந்து குண்டை விட்டால் அது உருண்டுவந்து ஒவ்வொரு மணியாகத் தட்டிக்கொண்டு போகும். முதல் மணி, புறப்பட்ட இடத்திலிருந்து ஓர் அளவு தூரத்தில் இருக்கிறது என்றால், இரண்டாவது மணி அங்கிருந்து மூன்று அளவு, மூன்றாவது ஐந்து அளவு, நான்காவது ஏழு அளவு தள்ளி இருக்கும். இடைவெளி நீண்டுகொண்டே போகிறது, குண்டின் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுவதால் மணிச்சத்தம் தாளம் தப்பாமல் வருகிறது. ஊசலின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி. மணிகளைச் சமதூரத்தில் மாற்றிவைத்தால் தாளம் முடுக்கிவிடும். காதுள்ள எவருக்கும் தெரியும். விழும் பொருளின் விதியைக் கணக்குத் தெரியாத ஆளுக்கும் காதால் புரியவைக்க யாரோ ஒரு வாத்தியார் யோசித்துச் செய்தது.

கலிலியோ தானே இந்தச் சோதனையைச் செய்தாரா என்பதில்கூட ஒரு வழக்கு நடந்தது. 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் வெளிவந்த கடைசி நூலில், குண்டு உருளும் நேரத்தை, பாத்திரத்திலிருந்து ஒழுகும் நீரை எடைபோட்டு அளந்ததாக அவர் எழுதியிருந்தார். அத்தனை நுட்பம் அந்தக் காலத்தில் வராது, இதெல்லாம் மனதில் செய்த சோதனை என்றார் அலெக்சாந்தர் கொய்ரே, பெரிய வரலாற்றறிஞர். தாமஸ் செட்டில் என்ற ஆராய்ச்சி மாணவர் பலகையும் குண்டும் தண்ணீரும் எடுத்து, கலிலியோ சொன்னபடியே செய்துபார்த்து, சொன்ன நுட்பம் வருகிறது என்று 1961-இல் கட்டுரை எழுதினார். கலிலியோமேல் இருந்த பக்தியும் கொய்ரே மேல் இருந்த மரியாதையும் தீர்க்காத வழக்கை ஒரு மரப்பலகை தீர்த்தது.

இனி அருங்காட்சியகத்தின் சொந்தக் கதை. மெடிச்சிகள் கருவி சேர்க்கத் தொடங்கியது பதினாறாம் நூற்றாண்டில், முதலாம் கோசிமோ காலத்தில். அவர் மகன் முதலாம் ஃபெர்தினாந்தோவுக்காக அந்தோனியோ சாந்துச்சி 1588-இல் தொடங்கி 1593-இல் முடித்த பெரும் வானக்கோளம் மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். மரச் சட்டங்களும் பொன்பூச்சுமாக ஓர் அறையையே அடைத்து நிற்கிறது. நடுவில் பூமி, அதைச் சுற்றிச் சூரியனும் கோள்களும். அதாவது முழுக்கத் தவறான பிரபஞ்சம். கலிலியோ எதை உடைத்தாரோ அதற்குத்தான் இந்த வீட்டில் இருப்பதிலேயே பெரிய இடம். உடைந்துபோன கொள்கைக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்கலாம். அந்தக் கொள்கையைத் தெய்வக் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை, தவறு என்று மட்டுமே சொன்னார்கள். ஆகவே தூக்கி எறியவேண்டிய அவசியம் வரவில்லை.

மெடிச்சி வம்சம் 1737-இல், கலிலியோ எலும்புகள் இடம் மாறிய அதே ஆண்டில், முடிந்தது. அடுத்து வந்த லொரேய்ன் வம்சத்தார் 1775-இல் இயற்பியலுக்கும் இயற்கை வரலாற்றுக்கும் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1841-இல் கலிலியோவுக்கென்று பளிங்கில் ஒரு மண்டபம் கட்டி, சிலையும் வைத்து, விரலையும் வில்லையையும் அதில் குடியேற்றினார்கள். கோவில் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வம்சத்தாரின் சேகரிப்பில் ஓர் எழுதும் கை உண்டு: 1764-இல் ஃபிரீட்ரிக் ஃபொன் க்னாவுஸ் செய்த எந்திரம். முடுக்கிவிட்டால் அந்த உலோகக் கை மையைத் தொட்டு, இந்த அரச வீட்டுக்குக் கடவுள் எல்லையே வைக்காதிருக்கட்டும் என்ற கருத்தில் லத்தீனில் எழுதும். 1859-இல் டஸ்கனியில் அவர்கள் ஆட்சி போய்விட்டது. கை மட்டும் இருக்கிறது.

இன்றைய கட்டடத்தில் அருங்காட்சியகம் திறந்தது 1930-இல். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஊருக்குள் புகுந்தபோது ஆற்றை ஒட்டிய இந்த மாளிகைக்குக் கடும் சேதம். இயக்குநர் மரியா லூயிசா ரிகினி பொனெல்லி, கலிலியோவின் கருவிகளைக் கையில் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் வெளிவிளிம்பில் நடந்து பக்கத்து உஃபிஸிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெறும் மரக்குழாய்க்காக ஒருவர் உயிரைப் பணயம் வைப்பாரா? வைத்தார். திருப்பண்டம் என்றால் மூடநம்பிக்கை என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக இந்த அம்மையார் விடமாட்டார்.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அதே நகரில் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தின் முகப்பில் இரண்டு வானியல் கருவிகள் பதித்திருக்கின்றன. 1570-களில் அவற்றை வைத்தவர் இஞ்ஞாசியோ தாந்தி, தொமினிக்கன் சபைத் துறவி. 1582-இல் வந்த கிரகோரியன் நாட்காட்டியை உருவாக்கிய குழுவில் ஒருவர். 1614 டிசம்பரில் அதே ஆலயத்தின் உள்ளே, பிரசங்க மேடையில் ஏறி, கலிலியோவையும் கணிதக்காரர்களையும் வெளுத்து வாங்கியவர் தொமாசோ காச்சினி. அவரும் அதே சபைத் துறவிதான். இன்னும் நாலு தெரு தள்ளிப் பேராலயத்தின் மாபெரும் கும்மட்டத்தில், தரையிலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்தில், தோஸ்கனெல்லி 1475 வாக்கில் ஒரு துளை அமைத்தார். ஜூன் இறுதியில் நண்பகல் வெயில் அதன் வழியே விழுந்து ஆலயத் தரையில் வட்டமாகத் தவழும். 1750-களில் லெயோனார்தோ ஹிமெனெஸ் என்ற இயேசு சபைத் துறவி அந்த வட்டத்தை அளந்து, பூமியின் அச்சுச் சாய்வு நூற்றாண்டுகளில் சிறுகச்சிறுக மாறுகிறது என்று நிறுவினார். ஈஸ்டர் நாளைப் பிழையில்லாமல் குறிக்கத் திருச்சபைக்கு வானியல் தேவைப்பட்டது, கோவிலையே கருவியாக்கிக்கொண்டது. இன்றும் ஜூனில் அந்த வட்டம் விழுவதைப் பார்க்கக் கூட்டம் சேர்கிறது. கலிலியோ வழக்கில் தவறு நடந்தது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1992-இல் பேசினார். கும்மட்டத் துளைக்கு அந்தத் தாமதம் ஏற்படவில்லை.

2010-இல் அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டபோது பழைய பெயரையும் மாற்றிவிட்டார்கள். அதுவரை ‘அறிவியல் வரலாற்று நிறுவனமும் அருங்காட்சியகமும்’ என்ற நீளமான பெயர். இப்போது ஒரு மனிதரின் பெயர். சீட்டு விற்க வசதி என்பது புரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் அவர் கை பட்டவை சில மட்டும்தான். சோதனைக்குப் பெயரே போடாமல் நூல் வெளியிட்ட அந்தக் கழகத்தின் கண்ணாடிகள் இப்போது ஒருவரின் பெயர்ப்பலகைக்குக் கீழே இருப்பது கொஞ்சம் உறுத்துகிறது.

புதுப்பிக்கும் வேளையில் இன்னொன்றும் வந்துசேர்ந்தது. 1737-இல் எடுத்த மற்ற இரண்டு விரல்களும் பல்லும் ஒரு குடும்பத்தில் வழிவழியாக இருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காணாமல் போயிருந்தன. 2009-இல் ஓர் ஏலத்தில், கலிலியோ சிலை வைத்த பழைய மரப்பேழை ஒன்று, உள்ளே யாருடைய எலும்பு என்ற விவரமில்லாமல் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் சந்தேகப்பட்டு அருங்காட்சியகத்தை அணுகினார். பழைய ஆவண வருணனைகளோடு பேழையை ஒப்பிட்டு, அதுதான் இது என்று ஏற்றுக்கொண்டு காட்சிக்கு வைத்தார்கள். ஒரு திருப்பண்டத்தை ஆயர் எப்படிச் சோதித்து ஏற்பாரோ அதே முறை: எழுதியவர் யார், நம்பத்தக்கவரா, கைமாறிய வரிசை சரியா. உரை என்ற அளவை இல்லாமல் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு பேழைக்குப் பெயர்ச்சீட்டு எழுதமுடியாது.

வியாழனின் நிலவுகளுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலரை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் ஊன்றிக்கொண்டால் போதும். நாலைந்து இரவு தொடர்ந்து பார்த்தால் புள்ளிகள் இடம் மாறுவது தெரியும். ஹோர்க்கியைப் போல ஒன்றும் தெரியவில்லையே என்கிறவர்கள் கருவியைத் திட்டுவதற்கு முன் முழங்கையை நன்றாக ஊன்றினோமா என்று பார்த்துக்கொள்ளலாம்.